‘அதுல்தேரியும்’: சொல்லும் சட்டமும் தமிழாக்கமும்

முன்னுரை

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கியில் லத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இத்தகையதோர் ஊரில் மணமுறிவு வழக்கு எழுமாயின், துணைவரின் ஒழுக்க மீறலைக் குறிக்கத் திருச்சபைச் சட்டத்தின் லத்தீன், நாட்டுச் சட்டத்தின் ஆங்கிலம், மக்களின் மலையாளம் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து நிற்கும். மூன்றும் ஒரே பொருளைச் சுட்டுவன அல்ல. இவ்வேறுபாட்டுக்கு அடிப்படையான ‘அதுல்தேரியும்’ என்னும் லத்தீன் சொல்லின் வரலாற்றையும், தமிழாக்கத்தில் அது எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

‘அத்’ என்னும் முன்னொட்டும், ‘மற்றது’ எனப் பொருள்படும் ‘அல்தெர்’ என்பதும் இணைந்து ‘அதுல்தெராரே’ என்னும் வினை தோன்றியது. ‘சல்தாரே’ என்பது ‘இன்சுல்தாரே’ ஆவது போல, இங்கும் கூட்டுச்சொல்லில் அகரம் உகரமாயிற்று. வேற்றுப்பொருள் கலந்து கெடுத்தல் என்பது இவ்வினையின் பொருள். கலப்படமும் பொய்நாணயம் அடித்தலும் அதனுள் அடங்கும். பிறனுக்குக் கருவுற்ற மகவால் இப்பெயர் அமைந்தது என உரோமச் சட்ட அறிஞர் பாப்பினியன் விளக்கினார். மொழியியல் நோக்கில் இவ்விளக்கம் பொருந்தாது. எனினும், அக்காலச் சட்டம் காக்க முனைந்தது குலவழியே என்பதை அது புலப்படுத்துகிறது.

சட்டப்பொருள்

கி.மு. 18-ஆம் ஆண்டளவில் அகஸ்டஸ் இயற்றிய யூலியச் சட்டம் இக்குற்றத்திற்குத் தண்டனை வகுத்தது. மணமான பெண்ணோடு பிற ஆடவன் கொள்ளும் உறவே அதுல்தேரியும். கன்னியோடும் கைம்பெண்ணோடும் கொள்ளும் உறவு ‘ஸ்துப்ரும்’. கணவன் அடிமைப் பெண்ணை நாடினால் அது குற்றமாகாது. திருச்சபைச் சட்டமோ இருபாலரையும் ஒரே நிலையில் வைத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1152-ஆம் விதி, தவறிழைத்தவர் எவராயினும் மற்றவர்க்குப் பிரிந்து வாழும் உரிமை அளிக்கிறது.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு உரோம வரம்பையே பெரிதும் ஒத்தது. கணவனின் இசைவின்றி அவன் மனைவியைக் கூடிய ஆடவனே குற்றவாளி. 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி, கிறித்தவக் கணவனுக்கு மனைவியின் மீறல் ஒன்றே போதும். மனைவியோ கணவனின் மீறலோடு கொடுமை, கைவிடல் போன்ற மற்றொன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். கொடுமையையும் கைவிடலையும் மீறலோடு பிணைத்த பகுதியைக் கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் நீக்கியது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலர்க்கும் சம உரிமை வழங்கியது. ஜோசப் ஷைன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 27.9.2018 அன்று 497-ஆம் பிரிவைச் செல்லாதென அறிவித்தது. எனினும் மணமுறிவுக்குரிய காரணமாக இம்மீறல் இன்றும் நிற்கிறது.

தமிழாக்கம்

‘விபசாரம்’ என்பது வழி பிறழ்தலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. விவிலியத் தமிழில் அது மண உறவு மீறலைக் குறிக்கும். சட்டத் தமிழிலும் நாளிதழ்த் தமிழிலும் பாலியல் தொழிலைக் குறிக்கும். ‘பிறனில் விழையாமை’ என்னும் குறள் அதிகாரத் தலைப்பு, பிறன் மனைவி என்னும் நிலையை முன்னிறுத்துகிறது. இந்நோக்கு உரோமச் சட்டத்துக்கும் 497-ஆம் பிரிவுக்கும் இயையும். மணமாகாத பெண்ணை நாடும் கணவனையும் உள்ளடக்கும் திருச்சபைச் சட்டத்துக்கு இயையாது.

முடிவுரை

ஆகவே உரோமச் சட்டத்தையும் 497-ஆம் பிரிவையும் பெயர்க்குமிடத்துப் ‘பிறன்மனை கூடல்’ என்பதும், திருச்சபைச் சட்டத்தையும் இன்றைய மணமுறிவுச் சட்டத்தையும் பெயர்க்குமிடத்து ‘மண உறவு மீறல்’ என்பதும் தக்கன. ‘விபசாரம்’ விவிலிய மேற்கோளளவில் நிற்றல் நன்று. வழக்குரையில் அச்சொல்லை ஆளின், மண உறவில் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மனைவி, எவரும் சாட்டாத வேறொரு பழியையும் மொழிபெயர்ப்பாளரால் சுமக்க நேரும்.