கேத்தலில் படியும் சுண்ணாம்பும் கப்பி மீனும்

எமது வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். நாம் குறைகூறும் இந்த வன்னீர் ஒரு சிறு மீனுக்கு மிக உகந்தது. அதுவே கப்பி.

தென் அமெரிக்காவின் வடபகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்மீன்கள் போதும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும்.

ஆனால் பெற்ற தாயே குட்டிகளைத் தின்றுவிடும். வயிறு பருத்து, அதன் பின்புறக் கருந்திட்டு பெரிதானதும் தாயைத் தனித் தொட்டியில் விடுங்கள். அதில் பாசியை அடர்த்தியாக இடுங்கள். ஈன்றதும் தாயை அகற்றுங்கள்.

குளோரின் இட்ட கிணற்றுத் தண்ணீரை இரண்டு நாட்கள் திறந்த பாத்திரத்தில் வைத்த பின்பே ஊற்றவேண்டும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரை போடுங்கள். மிஞ்சிய இரை தண்ணீரைக் கெடுக்கும். நுளம்புக் குடம்பிகள் செலவில்லாத நல்ல இரை.

இலங்கை ஏற்றுமதி செய்யும் அலங்கார மீன்களில் கப்பி முக்கியமானது. எனினும் வியாபாரிகள் ஒரே நிறம், ஒரே அளவு கேட்பார்கள். எனவே நிறங்களைக் கலந்து வளர்க்காதீர்கள். வாங்குவோரை விசாரித்தறியுமுன் கடன்பட்டுத் தொட்டிகள் கட்டவும் வேண்டாம். இடம்பெயர்ந்து, இழந்து, மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்குக் கடன் பெருஞ்சுமை. ஒரு தொட்டியுடன் தொடங்குங்கள். பிள்ளைகளும் பராமரிக்கப் பழகுவார்கள்.

மிஞ்சிய மீன்களைக் குளத்தில் விடாதீர்கள். அவை எமது குளத்து மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். குளம் எல்லோருக்கும் பொதுவானது.