'கேன் லா' என்றால் என்ன?

சிங்கப்பூரில் ஓர் உணவங்காடிக்குப் போகிறீர்கள். "காரம் கம்மியா தர முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறீர்கள். கடைக்காரர் சிரித்தபடி "கேன் லா!" என்கிறார். 'கேன்' என்றால் முடியும். சரி, அது என்ன 'லா'? நம் ஆங்கிலப் பாடத்தில் இல்லையே!

அதுதான் 'சிங்லிஷ்'. சிங்கப்பூர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலம்!

1819-ல் ஆங்கிலேயர்கள் அங்கே வணிகத் துறைமுகம் அமைத்தார்கள். மலாய்க்காரர்கள் வாழ்ந்த அந்தத் தீவுக்குப் பிழைப்புத் தேடிச் சீனர்களும் தமிழர்களும் வந்தார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஆங்கிலம். இரண்டும் கலக்காமல் இருக்குமா?

'மக்கான்' என்றால் சாப்பாடு. இது மலாய். 'கியாசு' என்றால் 'எங்கே தோற்றுவிடுவோமோ' என்று பயந்து எதிலும் முந்துவது. இது ஹொக்கியன் சீனம். நம்ம ஊர் 'குண்டு'கூட அங்கே போயிருக்கிறது. ஆனால், அங்கே அதற்கு அர்த்தம் 'முட்டாள்'!

அப்படியானால் சிங்லிஷ் தப்பான ஆங்கிலமா? இல்லை. அதற்கும் விதிகள் உண்டு. 'கேன் லா' என்றால், 'தாராளமா முடியும்!' 'கேன் மே?' என்றால், 'நிஜமாவே முடியுமா?' 'கேன் லோர்' என்றால், 'சரி, வேற வழி!' நாம் 'வாப்பா', 'வாயேன்' என்று சொல்வதுபோலத்தான். மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும்.

ஆனாலும், அரசுக்கு ஒரு கவலை. வெளிநாட்டவருக்குப் புரியாவிட்டால் வேலையும் வியாபாரமும் என்னாவது? அதனால், 2000-ல் 'நல்ல ஆங்கிலம் பேசுங்கள்' என்ற இயக்கம் தொடங்கியது. இன்னொரு பக்கம், 2016-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி சிங்கப்பூர் வார்த்தைகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டது. 'பிரமாதம்' என்று பொருள்படும் 'ஷியோக்' அதில் ஒன்று.

அங்குள்ள பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பரீட்சையில் பாடப்புத்தக ஆங்கிலம். விளையாட்டுத் திடலில் சிங்லிஷ்! நாமும் பரீட்சையில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு, வீட்டில் 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே சொல்கிறோம்? எதை எங்கே பேசுவது என்று தெரிந்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இனி யாராவது வேறு மாதிரி ஆங்கிலம் பேசினால் கேலி செய்யாதீர்கள். அதற்குள் எந்த மொழி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். செய்வீர்களா?

என்ன... 'கேன் லா!' என்கிறீர்களா? சபாஷ்!