கொலைக்கு ஓர் அலுவலகம்

வாஷிங்டன் நகரத்து நினைவு மண்டபத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் லிங்கனின் பெரிய பளிங்குச் சிலை திடீரென எழுந்து ஊரைத் துவம்சம் செய்யக் கிளம்புகிறது. அபூர்வ சக்தி படைத்த சில பிள்ளைகள் தடுக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. அவர்களில் ஒரு சிறுமியின் பெயர் ரூமர். வதந்திபோல அவள் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது பலித்துவிடும். அவள் வாயைத் திறக்கிறாள். அன்று லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத், அவனும் கல்லுருவாக வந்து நிற்கிறான். சிலை இன்னொரு முறை சுடப்பட்டுச் சாய்கிறது.

‘தி அம்ப்ரெல்லா அகாடமி: டாலஸ்’ காமிக்ஸ் இப்படித் தொடங்குகிறது. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் கதை முடியும் இடத்தில் வளர்ந்த ரூமர், 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரத்துத் திறந்த காரில், ஜாக்குலின் கென்னடியின் உருவத்தில் அமெரிக்க அதிபரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். துப்பாக்கி எதுவும் இல்லை. ஒரே ஒரு பொய். முதல் பக்கங்களின் குறும்பு எதற்கான ஒத்திகை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

எழுதியவர் ஜெரார்ட் வே, ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ ராக் குழுவின் பாடகர். வரைந்தவர் பிரேசில் ஓவியர் கேப்ரியல் பா. டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2008 நவம்பரிலிருந்து 2009 ஏப்ரல் வரை ஆறு இதழ்களாக வெளியிட்டது. நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை. 2020இல் வந்த இரண்டாம் சீசன் டாலஸில்தான் நடக்கிறது. தொடர் நன்றாகவே இருக்கும். ஆனால் காமிக்ஸில் இருக்கும் கசப்பு அதில் பாதிகூட இல்லை.

அந்தக் கசப்பெல்லாம் ரூமரின் சகோதரன் நம்பர் ஃபைவ் என்ற பாத்திரத்தில் தேங்கி நிற்கிறது. சின்ன வயதில் எதிர்காலத்துக்குத் தாவியவன், உலகம் அழிந்துபோன பிறகு போய் விழுகிறான். திரும்பும் வழி தெரியாமல் இடிபாடுகளுக்கு நடுவே கிழவனாகிறான். அங்கே அவனைத் தேடி வருகிறது டெம்ப்ஸ் ஏடெர்னாலிஸ் என்ற அமைப்பு. வரலாறு தடம் மாறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. யார் எந்த நாளில் சாக வேண்டுமோ அந்த நாளில் சாக வேண்டும். தவறினால் ஆள் அனுப்புவார்கள். உலகின் பெருங்கொலைகாரர்களின் மரபணுவைப் புகுத்தி, ஃபைவைத் தங்கள் முதல்தரக் கொலையாளியாக ஆக்குகிறார்கள். கென்னடியைக் கொல்லும் வேலையும் அவன் கைக்கு வருகிறது. அவனோ வேலையை விட்டுவிட்டு, பத்து வயதுச் சிறுவனின் உடம்போடு நிகழ்காலத்துக்குத் தப்பி ஓடிவிடுகிறான். அரைக்கால் சட்டையும் பள்ளிச் சீருடையுமாக நிற்கும் அந்தப் பையனுக்குக் கிழவனின் கண்களை வரைந்திருக்கிறார் பா. வாயோரத்தில் ஒரு கோடு, புருவத்துக்குக் கீழே அழுத்தமான கறுப்பு. அவ்வளவுதான், அறுபது வருடக் களைப்பும் தெரிந்துவிடுகிறது.

அவனைப் பிடிக்க வரும் ஹேசல், சா-சா இருவரும் கோட்டு சூட்டு போட்டு, தலையில் கார்ட்டூன் மிருக முகமூடி மாட்டியவர்கள். இனிப்புப் பைத்தியங்கள். இவர்களுக்கெல்லாம் மேலதிகாரி கார்மைக்கேல். இயந்திர உடம்பின் மேல் கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு தங்கமீன்! அந்த மீன்தான் கொலைகளுக்கு உத்தரவிடுகிறது. யார்மேலும் தனிப்பட்ட கோபம் கிடையாது. எல்லாம் அலுவல்.

வெறும் கற்பனை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1975இல் அமெரிக்க செனட்டில் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, உளவு அமைப்பான சிஐஏவின் கொலைத் திட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1960இல் சிட்னி காட்லிப் என்ற வேதியியலாளர், காங்கோவின் தலைவர் லுமும்பாவைக் கொல்ல விஷத்தை எடுத்துக்கொண்டு அந்நாட்டுத் தலைநகர் லியோபோல்ட்வில் போனது அதில் இருக்கிறது. கியூபாவின் காஸ்ட்ரோவுக்காகத் தயாரித்த விஷ மாத்திரைகள், கிருமி தடவிய முக்குளிப்பு உடை, வெடிக்கும் கடற்சிப்பி யோசனை, எல்லாம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் மிஞ்சும் ஒரு தகவலும் உண்டு. கென்னடி சுடப்பட்ட அதே 1963 நவம்பர் 22 அன்று, பாரிஸில் ஒரு சிஐஏ அதிகாரி ரோலாண்டோ குபேலா என்ற கியூபாக்காரரைச் சந்திக்கிறார். காஸ்ட்ரோவைக் கொல்வதற்காக அவரிடம் கொடுக்கப்பட்டது ஒரு பால்பாயிண்ட் பேனா. குத்தினாலும் தெரியாத அளவுக்கு மெல்லிய ஊசி அதற்குள். டாலஸ் செய்தி வந்து சேர்ந்தபோது அந்தச் சந்திப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. இதைப் படித்தபின் தங்கமீன் அதிகாரி எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த நமக்கு உளவு காமிக்ஸ் புதிதல்ல. மாயாவி ரகசிய அமைப்புக்கு வேலை செய்தாலும், அந்த அமைப்பு நல்லது என்பதில் வாசகனுக்குச் சந்தேகமே வராது. ‘டாலஸ்’ அந்த நிம்மதியைத் தருவதில்லை. சரித்திரத்தைக் காப்பாற்ற ஒருவரைக் கொன்றே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் சரித்திரத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். வே அவர்களுக்கு ஒரு கால இயந்திரத்தையும் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தில் எனக்கு உறுத்தும் பகுதி வியட்நாம்தான். ரூமரின் சகோதரர்கள் காலப்பயணத்தில் குறி தப்பி, 1963க்கு முன்பே அந்தப் போர்க்களத்தில் வந்து விழுகிறார்கள். பாவின் காடும் இருட்டும் அற்புதம். ஆனால் வியட்நாம் மக்களுக்கு அங்கே முகமே இல்லை. பேய்க்கதை வேடிக்கைக்கு அந்த மண் ஒரு பின்னணி, அவ்வளவே. இத்தனைக்கும் உண்மையான உளவுக்கதை அங்கேதான் கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப் படைக்காகப் பிரான்சில் பாராசூட்டில் குதித்தவர் லூசியன் கோனின். 1963 நவம்பர் 1 அன்று சாய்கோனில், தென்வியட்நாம் அதிபர் நியோ தின் ஜியெமைக் கவிழ்க்கத் துணிந்த தளபதிகளோடு ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஏறக்குறைய 42,000 டாலர் மதிப்புள்ள உள்ளூர்ப் பணம். மறுநாள் ஜியெமும் தம்பி நியூவும் ஒரு கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள். டாலஸில் துப்பாக்கி வெடிக்க அப்போது இருபது நாள் இருந்தது. ஜியெம் கொலையைக் கேட்டுக் கென்னடியே அதிர்ந்துபோனார். ஜியெம், கென்னடி இருவரின் கொலைகளையும் ஒரே கதையில் வைக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது. வே அந்த வாய்ப்பைத் தவறவிட்டார்.