டிம் போட்டும் ஏன் கண் கூசுகிறது?

எதிரே வருபவர் டிம் போட்டுத்தான் வருகிறார்; ஆனாலும் நமக்குச் சாலையே மறைந்துபோகிறது. உடனே பல்பைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் கோளாறு விளக்கின் கோணத்தில் இருக்கிறது.

ஆலஜன் எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. கீழே போகும் ஒளியை அது மறித்துவிடுகிறது. மிச்சம், பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்டுச் சாலையை நோக்கி இறங்குகிறது. அதனால்தான் சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு தெளிவான கோடாகத் தெரிகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடது முனையில் மட்டும் ஏறும்: ஓரமாக நடப்பவர் தெரியவேண்டுமே! எதிர்வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும்.

பொதுவாக 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ வேண்டும், அதாவது 1 சதவீதம். விளக்கு 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒளி 65 மீட்டரில் தரை தொடும். 2 சதவீதம் தாழ்ந்தால் 32 மீட்டர்தான்; 80 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை நொடித் தூரம். கிடைமட்டத்துக்கு மேலே 1 சதவீதம் தூக்கினாலோ, 45 மீட்டரிலேயே எதிரே வரும் ஓட்டுநரின் கண்மட்டத்தை எட்டிவிடும். ஒரு சதவீதம் என்பது அரை டிகிரிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்!

வீட்டிலேயே பார்த்துவிடலாம். டயரில் சரியான காற்று, சமதரை, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், 10 மீட்டர் எதிரே ஒரு சுவர். விளக்கின் நடுவுயரத்தைச் சாக்பீஸால் சுவரில் குறித்து, அதற்கு 10 செ.மீ. கீழே கோடு போடுங்கள். விளக்கின் மேல் சதவீதம் அச்சிட்டிருந்தால் அந்தக் கணக்கே சரி. ஒரு விளக்கைத் துணியால் மறைத்து, மற்றதன் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவை மெல்லத் திருகினால் வெளிச்சக் கோடு சாக்பீஸ் கோட்டுக்கு நகர்ந்து வரும். இடவலத்துக்குத் தனி ஸ்க்ரூ. ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட திருகு இருந்தால் இந்தச் சோதனையின்போது அது 0-வில் இருக்கட்டும். டிக்கியில் மூட்டை ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். எண்ணைக் கூட்டி வெளிச்சத்தை இறக்கவே அந்தத் திருகு.

தமிழ்நாட்டில் விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது பழகிப்போன வைத்தியம். ஒளியைக் கொஞ்சம் குறைக்கும், கோணத்தை மாற்றாது. எச்4 பல்புக்கான விளக்கில் மலிவான எல்.இ.டி. மாட்டுவது இன்னும் மோசம். ஒளி பிறக்கும் இடமே இம்மி நகர்ந்துவிடுவதால் அந்த நேர்க்கோடு கலைந்து, வெளிச்சம் மேலேயும் சிதறும். எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் அது சரியாகாது. பல்பைத்தான் மாற்ற வேண்டும்.