கொல்லைப்புறத்து எருக்குவியல்

வேளாங்கண்ணியில் எங்கள் கொல்லை முழுவதும் மணலே. ஒரு குடம் நீரை ஊற்றினால் கண்ணெதிரிலேயே உள்ளிழுத்துக்கொள்ளும். இட்ட உரமும் அந்நீருடன் கீழே போய்விடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் புகுந்தபின் முருங்கையும் கருகிற்று. 2005-ஆம் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைப் பெரும்பாலும் கழுவிவிட்டது. ஆனால் கழுவிய மணலில் பயிர் எதைப் பற்றிக்கொண்டு வளரும்? ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்க மக்கிய எரு வேண்டும்.

நான் முதலில் புரட்டாசியில் குழி வெட்டினேன். ஐப்பசியில் அது குளமாயிற்று. நாற்றம் தாளாமல் அண்டை வீட்டு அம்மையார் வந்து முறையிட்டார். முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் அன்று பதில் சொல்ல வகையின்றி நின்றேன்.

நீர் நிறைந்த குழியில் காற்றுப் புகாது. காற்றின்றேல் மக்குவதற்குப் பதில் அழுகும். இதனை ஆல்பர்ட் ஹோவர்டு முன்பே உணர்ந்திருந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டுக் குப்பையையும் சாணத்தையும் கொண்டே கூட்டெரு முறையொன்றை வகுத்தவர் அவர். மழைக்காலத்தில் குழியை விட்டுத் தரைமேல் குவிப்பதே அவர் காட்டிய வழி. நானும் மேடான இடத்தில் குவிக்கலானேன்.

அடியில் சவுக்கு மிலாறு. அதன்மேல் ஒரு சாண் உயரம் உலர்ந்த சருகும் வைக்கோலும். பின்னர் நான்கு விரற்கடை அளவு காய்கறித் தோல், பச்சைத்தழை. சாணக்கரைசல் தெளித்து, ஒரு பிடி பழைய எருவைத் தூவி, மீண்டும் அதே வரிசை. இடுப்பளவு உயர்ந்தால் போதும். மீன் கழிவு நம்மூரில் மலிவு. அதை நடுவில் புதைத்துச் சருகால் தடிப்பாக மூடவேண்டும். இல்லையேல் நாய்கள் கிளறிவிடும். தென்னமட்டையைச் சேர்க்காதீர்கள், அது எளிதில் மக்காது.

சில நாட்களில் நடுப்பகுதி கை வைக்க இயலாதபடி சுடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு பெருகுவதால் எழும் வெப்பம் அது. களைவிதைகளையும் பெரும்பாலும் கொன்றுவிடும். சூடு எழவில்லையெனில் ஈரமோ பச்சையோ குறைவு. நாறினால் ஈரம் மிகுதி; சருகிட்டுக் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் ஒழுகலாகாது. பதினைந்து நாட்களுக்கொருமுறை புரட்டிவந்தால் மூன்று, நான்கு மாதங்களில் மழை பெய்த மண்ணின் மணம் வரும்.

இப்போது கத்தரிப் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் விடுகிறேன். முன்பு காலையும் மாலையும் விட்டேன். அன்று முறையிட்ட அம்மையாரும் தம் வீட்டு வாழைப்பழத்தோலை வேலிக்கு மேலாக நீட்டுகிறார்.