மலைக்கேற்ற ஏற்றி

பனி போர்த்திய மலைச்சரிவில் சறுக்கி இறங்குவோருக்குப் புவியீர்ப்பு துணைநிற்கும். மீண்டும் உச்சியை அடைய எந்திரத்தின் துணை வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள சன் வேலியில் 1936ஆம் ஆண்டு உலகின் முதல் இருக்கை ஏற்றி இயங்கத் தொடங்கியது. அதனை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கரன் என்னும் இருப்புப்பாதை நிறுவனப் பொறியாளர். வாழைத்தார்களைக் கொக்கிகளில் தொங்கவிட்டுக் கப்பலில் ஏற்றும் அமைப்பை அவர் அறிந்திருந்தார். கொக்கி இருந்த இடத்தில் இருக்கையைத் தொங்கவிட்டு மனிதரை ஏற்றினார்.

காலப்போக்கில் எந்த ஏற்றியும் தேய்மானம் அடையும். அதனை மாற்றியே ஆகவேண்டிய நிலை வரும். அப்போது, 'மிக விரைவானது எது?' என்னும் வினாவே முதலில் எழும். ஆயினும், ஒருமுறை நட்ட தூண்கள் பல பத்தாண்டுகள் நிற்பவை. எனவே, விரைவை மட்டும் அளவுகோலாகக் கொள்வது சரியாகுமா என ஆராய்தல் வேண்டும்.

நிலைப்பிடியும் விடுபிடியும்

இருக்கை ஏற்றிகளை இருவகையாகப் பிரிக்கலாம். இருக்கையின் பிடி கம்பிவடத்தை விட்டு விலகாதிருப்பது நிலைப்பிடி வகை. மனிதர் ஏறி இறங்கும் இடத்திலும் இருக்கை கம்பிவடத்தின் வேகத்திலேயே நகர்வதால், இது நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டருக்கு மேல் செல்வதில்லை. விடுபிடி வகையில், நிலையத்தை அடைந்ததும் பிடி தளர்ந்து இருக்கை கம்பிவடத்திலிருந்து விடுபடும். மெல்ல நகர்ந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மீண்டும் கம்பிவடத்தைப் பற்றும். அதனால் கம்பிவடம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடலாம். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 1981ஆம் ஆண்டு நால்வர் அமரும் இத்தகைய விரைவு ஏற்றி நிறுவப்பட்டது. இவ்வகையில் நகரும் உறுப்புகள் மிகுதி. ஆகவே விலையும் பராமரிப்புச் செலவும் மிகுதி.

கணக்கு உணர்த்தும் உண்மை

1500 மீட்டர் நீளமுள்ள பாதை ஒன்றைக் கருதுவோம். 6 நொடிக்கு ஓர் இருக்கை புறப்படுகிறது. ஒவ்வோர் இருக்கையிலும் நால்வர் அமர்கின்றனர். ஒரு மணி நேரத்தில் 600 இருக்கைகள் செல்லும். 2400 பேர் மேலே செல்வர். இக்கணக்கில் கம்பிவடத்தின் வேகத்திற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேகத்தை இரட்டித்தால் இருக்கைகளுக்கு இடையேயுள்ள தொலைவு 15 மீட்டரிலிருந்து 30 மீட்டராக விரியும். மணிக்கு ஏறுவோர் எண்ணிக்கை மாறாது.

பயண நேரம் 10 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைவது உண்மையே. முன்பு 400 பேர் எந்நேரமும் மேல்நோக்கிய பயணத்தில் இருந்தனர். இப்போது 200 பேர் மட்டுமே இருப்பர். ஏனைய 200 பேர் எங்கே? கூட்டம் மிகுந்த நாளில் அவர்கள் கீழே வரிசையில் நிற்பர். நிமிடத்திற்கு 40 பேர் ஏறுவதால், வரிசையின் காத்திருப்பு 5 நிமிடம் கூடும். பயணத்தில் மிச்சமான நேரம் காத்திருப்பில் கரைந்துவிடும்! கூட்டமில்லா நாளில்தான் விரைவின் பயன் முழுமையாகக் கிட்டும்.

இடமும் இயல்பும்

அவ்வாறாயின் விடுபிடி வேண்டாவா? அப்படியன்று. புதிதாகக் கற்போரும் சிறுவரும் மெல்ல நகரும் இருக்கையில் அச்சமின்றி ஏறுவர்; தடுமாற்றத்தால் ஏற்றியை நிறுத்தும் நிலையும் குறையும். நெடிய பாதையில் குளிர்காற்றில் அமர்ந்திருக்கும் நேரம் சுருங்கும். கடுங்குளிர் நிலவும் இடங்களுக்கு மூடிய அறைகள் கொண்ட கம்பிவட ஊர்தி ஏற்றது. சறுக்கத் தெரியாத பார்வையாளரும் அதில் சென்று திரும்பலாம். பலத்த காற்று வீசும் முகடுகளில், பனித்தரையிலேயே நின்றவாறு இழுத்துச் செல்லப்படும் எளிய இழுவை ஏற்றி, உயரத்தில் தொங்கும் இருக்கைகளை நிறுத்தவேண்டிய வேளையிலும் இயங்கக்கூடும்.

ஒற்றை இருக்கை

வரிசையைக் குறைக்க இருக்கைகளைப் பெருக்கலாம். ஆயின், மேலே செல்லும் அனைவரும் அதே சரிவில்தான் இறங்கியாக வேண்டும். சரிவு நெரிசலுற்றால் மோதல்கள் நேரும். பனியும் விரைவில் தேயும்.

இதனை உணர்ந்தோர் வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் கிளென் சறுக்குத்தலத்தினர். அங்கு 1940களின் இறுதியில் அமைந்த ஏற்றியில் ஓர் இருக்கைக்கு ஒருவரே அமர முடியும். 1995 முதல் அத்தலம் சறுக்குநரின் கூட்டுறவுச் சங்கத்திற்கு உரியது. ஏற்றி பழுதுற்று மூப்படைந்தபோது, இருவர் அமரும் ஏற்றியை நிறுவலாம் என்னும் கருத்தும் ஆராயப்பட்டது. முடிவில், 2007ஆம் ஆண்டு அந்த ஒற்றை இருக்கை ஏற்றியே புதுப்பிக்கப்பட்டது. மேலே செல்வோர் குறைவாக இருந்தால் சரிவில் நெரிசல் இராது. இயற்கைப் பனியும் நெடுநேரம் நிலைக்கும் என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டிருந்தனர். அதற்கு விலையாக நீண்ட வரிசையில் காத்திருக்கவும் இசைந்தனர்.

பிற தலங்களுக்கும் இதுவே ஏற்றது எனக் கூற இயலாது. ஏறுபவர் யார், காற்று எத்தகையது, சரிவு எத்தனை பேரைத் தாங்கும் என்பவற்றை அளந்தறிந்த பின்னரே எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.