எழும்பூர் ஸ்டேஷன் மாறுது… பக்கத்துல ஃபிளாட் வாங்கிப் போடலாமா?

போன வாரம் துபாயிலிருந்து மச்சான் பேசினார். "எழும்பூர் ஸ்டேஷனை ஏர்போர்ட் மாதிரி கட்டுறாங்களாமே தம்பி? பக்கத்துல ஒரு பழைய ஃபிளாட் 60 லட்சத்துக்கு வருது. மூணு வருஷத்துல டபுளாயிடும்னு புரோக்கர் சொல்றார். போட்டுரவா?"

அந்த 60 லட்சம் சும்மா கிடக்கிற பணம் இல்லை. எங்க ஊர் காயல்பட்டினத்தில் கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மகளுக்கு இன்னும் நாலு வருஷத்தில் வீடு தயாராக வேண்டும். வட்டி வேண்டாம் என்பதால் லோன் என்ற பேச்சே கிடையாது. அதனால் "இருங்க மச்சான், கணக்கு போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

ஸ்டேஷன் சொல்லும் வட்டிக் கணக்கு

செந்தூர் எக்ஸ்பிரஸில் போய் வரும் எங்களுக்குச் சென்னை என்றாலே எழும்பூர்தான். ஹென்றி இர்வின் வடிவமைத்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. அன்றைய செலவு சுமார் 17 லட்சம் ரூபாய். 2022 மே 26-ல் பிரதமர் அடிக்கல் நாட்டிய மறுசீரமைப்புக்கு ஒதுக்கிய தொகை 734.91 கோடி.

17 லட்சம் எங்கே, 734.91 கோடி எங்கே! 4,300 மடங்குக்கும் மேல். இரண்டும் ஒரே வேலை இல்லைதான். ஆனாலும் ஒரு விளையாட்டுக் கணக்கு. 114 வருஷத்தில் இவ்வளவு ஏற, வருஷத்துக்கு எவ்வளவு வளர வேண்டும்? வெறும் 7.6%. கூட்டு வளர்ச்சிக்குப் பொறுமைதான் முதல்.

இப்போ புரோக்கர் சொன்னதைப் பாருங்க. மூணு வருஷத்தில் டபுள் என்றால் வருஷத்துக்கு 26%. 7.6%-ல் டபுளாக ஒன்பதரை வருஷம் ஆகும்.

செய்தி எப்பவோ விலையில ஏறிடுச்சு

பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுக் கட்டடங்கள், இரண்டையும் இணைக்கும் மேல்தளம், அடுக்கு பார்க்கிங் என்பது திட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் இது 2022-லேயே பேப்பரில் வந்துவிட்டது. எழும்பூருக்கு மெட்ரோ 2018-லேயே வந்தாச்சு. வீட்டை விற்பவரும் இதையெல்லாம் படித்தவர்தானே? விலையைச் சொல்லும்போதே சேர்த்துத்தான் சொல்வார்.

இன்னொன்று, வேலை எப்போ முடியும் என்பது நம் கையில் இல்லை. 2025-லும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இடையில் சில ரயில்களைத் தற்காலிகமாகத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள்.

மச்சானின் கணக்கு

* ஃபிளாட் விலை: 60 லட்சம்
* முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: 5.40 லட்சம்
* மொத்தம்: 65.40 லட்சம்

வாடகை மாதம் 18,000 என்று வைப்போம். வருஷத்துக்கு 2.16 லட்சம். மெயின்டெனன்ஸ், சொத்து வரி, ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் சேர்த்து 46,000 கழித்தால் 1.70 லட்சம். அதாவது 2.6%. விலை 9% ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும்.

விற்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. விற்பவர் என்ஆர்ஐ என்றால், வாங்குபவர் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். பொதுவாக லாபத்துக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கே பிடிப்பார்கள். குறைவாகப் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கணும். கல்யாணம் காத்திருக்குமா?

அப்போ வாங்கவே கூடாதா?

சென்னையில் நீங்களே குடியிருக்கப் போறீங்க, பிள்ளைகள் படிப்பு அங்கேதான் என்றால் தாராளமாக வாங்கலாம். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. ஆனால் வாங்கும் முன் மூணு கேள்வி கேளுங்க:

1. இந்தப் பணம் எனக்கு எப்போ தேவை?
2. ஸ்டேஷன் வேலை இன்னும் மூணு வருஷம் இழுத்தாலும் என்னால் தாங்க முடியுமா?
3. ஸ்டேஷன் மாறாவிட்டாலும் இதே விலைக்கு இந்த வீட்டை வாங்குவேனா?

மூணாவது கேள்விக்கு "இல்லை" என்று மனசு சொன்னால், நீங்கள் வாங்கப்போவது வெறும் எதிர்பார்ப்பைத்தான்.

மச்சானிடம் இதைத்தான் சொன்னேன். "அந்தப் பணம் மகளோடது மச்சான். ஊர்லயே மனையைப் பார்த்து அஸ்திவாரத்தைப் போடுங்க. கம்பி, சிமெண்ட், கூலி எதுவும் நாலு வருஷம் நமக்காகக் காத்திருக்காது." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "இதையே உன் ராத்தாவும் சொன்னா. ஆனா அவ கணக்கு எதுவும் போடல" என்றார்.

முழுக் கணக்கும் இந்த வார வீடியோவில் இருக்கு. உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி!